சுண்ணாம்பு போட்ட சாலை

எர்மெலிண்டாவின் முழங்கால்கள் கெட்டதற்குக் காரணம் இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். அவளுடைய சாலை காணாமல் போனதற்குப் பாதிக் காரணம் நான். மீதிப் பாதியை யார் தலையில் கட்டுவது என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஆள் பஞ்சமில்லை.

என் பெயர் சோய்லா. பால்கோன் குன்றின் அடியில், படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். லிமா நகரம் தெற்கே இழுத்துக்கொண்டு வந்து மூச்சு வாங்கி நிற்கிற இடம் இது. இதற்கு மேல் மணலும் மூடுபனியும்தான். குழாய்த் தண்ணீர் இன்னும் எங்களை எட்டவில்லை. வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் லாரி வந்து என் கடை வாசலில் நிற்கும். மேலே இருக்கிறவர்கள் தங்கள் நீலப் பீப்பாய்களை இங்கே வரிசையாக வைத்து நிரப்பிக்கொண்டு, பிறகு வாளி வாளியாக மொண்டு படியேறுவார்கள். எர்மெலிண்டாவின் வீடு உச்சியில், எஃப் பிளாக், ஒன்பதாம் மனை. கைக்கு ஒரு வாளி, வாளிக்கு இருபது லிட்டர், நாளைக்கு நாலு நடை. வயது ஐம்பத்திரண்டு. சுகாதார நிலையத்து டாக்டர் இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டை அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள். வேறென்ன செய்வாள்?

அவள் மகளுக்கு நான் ஞானத்தாய். எங்கள் பக்கத்தில் அப்படி உறவானவர்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிடுவோம். கூடப் பிறந்தவளைவிட ஒரு படி மேல். மகள் கல்யாணமாகி அரெகிபாவுக்குப் போய்விட்டாள். புருஷன் அதற்கும் முன்னாலேயே எங்கோ போய்விட்டான், அவன் பேச்சு வேண்டாம்.

எர்மெலிண்டாவின் வேலை வீடு வீடாக மின்சார ரசீது கொடுப்பது. எங்கள் குன்றில் எழுதின விலாசத்தை நம்பி எந்த வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துக் குடியிருப்பிலும் ஓர் எஃப் பிளாக் ஒன்பது உண்டு, அதற்கடுத்ததிலும் உண்டு. ஆனால் அவளுக்கு எல்லாம் அத்துப்படி. எந்த நாய் கடிக்கும், எந்த நாய் சும்மா குரைக்கும், எந்தப் படி இளகிக் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரே நிறத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம், எல்லோருக்கும் பொது என்று ஒரு வரைபடத்தைப் போனில் காட்டினார்கள். அதில் எங்கள் குன்று வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. இரண்டு சனிக்கிழமை பாடம் நடந்தது. கோழி வைத்த ரொட்டி கொடுத்தார்கள். கூட்டமாக நின்று போட்டோ எடுத்தார்கள். அப்புறம் வந்த சுவடே இல்லை. இருபது பேர் கற்றுக்கொண்டோம், பத்தொன்பது பேர் ரொட்டியோடு மறந்தோம்.

எர்மெலிண்டா மறக்கவில்லை. ரசீது கொடுக்கப் போகிற வழியிலேயே வரைந்தாள். ஒவ்வொரு படிக்கட்டு, கைப்பிடி இருக்கிறதா இல்லையா, மண் சரியாமல் அடுக்கின கல்சுவர், பொதுச் சமையல் கூடம், எல்லாம் ஏறின. கடை வாசலில் உட்கார்ந்து விரலால் இழுத்து இழுத்து வரைவாள். சும்மா இருக்கிற ஜனமா எங்கள் ஜனம்?

"எர்மே, என் வீட்டை ரெண்டு மாடியாப் போடு, அடுத்த வருஷம் எப்படியும் கட்டிடுவேன்."

"கட்டுங்க, வந்து பாக்குறேன், போடுறேன்."

"எங்க தெருவுல ஒரு பூங்கா போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?"

"பூங்காவா? அங்க நேத்து ஒரு கழுதை நின்னுச்சு. வேணா கழுதையைப் போடவா?"

அவளுக்கு ஒரே சட்டம். தன் கால் படாததைத் தன் விரல் வரையாது. இந்தச் சட்டத்தால் அவளுக்கு நண்பர்கள் குறைந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் குன்றின் பின்பக்கமாக, கல்லறைத் தோட்டத்து ரோட்டிலிருந்து ஒரு வண்டிப்பாதை வெட்டினோம். பதினாறு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு ஓர் ஆள், கடப்பாறையும் மண்வெட்டியும். வராத வீட்டுக்காரன் கடைக்கு வந்தபோது முகத்துக்கு நேரே கேட்டேன். பாதை வளைந்து ஏறி, எர்மெலிண்டாவின் வீட்டுப் பின்கதவுக்குப் பதினைந்து அடியில் முடிந்தது. லாரி ஏறுகிற அகலம், கெட்டியான தரை. இனி தண்ணீர் மேலேயே வரும் என்று உச்சியிலிருந்த முப்பது குடும்பமும் மேளம் கொட்டாத குறை.

லாரிகளை அனுப்புகிறவள் பெட்சபே என்கிற அம்மாள். எர்மெலிண்டா அவளிடம் போய்ச் சொன்னாள்.

"டிரைவருங்க எல்லாம் புதுசு, சென்யோரா," என்றாள் பெட்சபே. "போன்ல மேப்பு காட்டுற வழியிலதான் போவாங்க. மேப்புல ரோடு இருந்தா லாரி வரும். வாயில சொல்ற வழிக்கெல்லாம் அனுப்ப முடியாது."

எர்மெலிண்டாவுக்கு இதைவிட இனிப்பான பேச்சு எது? போனைக் கையில் பிடித்துக்கொண்டு பாதையை மூன்று தரம் மேலும் கீழும் நடந்து அளந்தாள். வெள்ளிக்கிழமை வரைந்து முடித்தாள். செவ்வாய்க்கிழமை முதல் லாரி மேலே வரும் என்று பெட்சபே வாக்குக் கொடுத்தாள். எர்மெலிண்டா தன் இரண்டு பீப்பாய்களையும் கடை வாசலிலிருந்து காலியாக உருட்டி ஏற்றிக்கொண்டு போய், தேய்த்துக் கழுவி, பின்கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "கொமாத்ரே, செவ்வாய்க்கிழமை நான் தலைக்குக் குளிக்கப்போறேன். ரெண்டு தரம் அலசி," என்றாள். தலைக்குக் குளிப்பதைத் திருவிழா மாதிரி சொன்னாள்.

திங்கட்கிழமை மேல்வரிசையில் மின்சாரம் போய்விட்டது. ஊருக்கெல்லாம் மின்சார ரசீது கொடுக்கிறவள், தன் போனுக்குச் சார்ஜ் போட என் கடையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அப்போதுதான் தோன் எலியோதோரோ வந்தார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், அதனால் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'தோன்'. எங்கள் குடியிருப்பின் பிளானைச் சுருட்டிக் குழாயில் போட்டு எப்போதும் அக்குளில் இடுக்கியிருப்பார். தூங்கும்போதும் அதுதான் தலையணை என்று பேச்சு.

"சோய்லா, எர்மே போனுதானே அது? நம்ம பெரிய ரோட்டையும் அதுல போட்டுடேன்."

"எந்தப் பெரிய ரோடு?"

அவர் பிளானை என் தக்காளிக் கூடைமேல் விரித்தார். என் கடைப் பக்கத்திலிருந்து நேராக உச்சி வரை, பன்னிரண்டு மீட்டர் அகலம், நடுவில் மரம்கூட வரைந்திருந்தது.

"அங்க மணலுதான இருக்கு, தோன் எலியோதோரோ. படிக்கட்டு இருக்கு."

"இன்னிக்கு மணலு. நீ வந்தப்ப இந்தக் கடை இருந்துச்சா? சுண்ணாம்புக் கோடுதான இருந்துச்சு? கோடு முன்னால, வீடு பின்னால. எர்மேகிட்ட சொன்னா கழுதையை வரையவான்னு கேப்பா. நீ விவரம் தெரிஞ்ச பொம்பள."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். இந்தக் குன்றில் எதுவுமே கோடு போடாமல் வந்ததில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் நாங்கள் வெறும் மணலில் சுண்ணாம்பால் மனை பிரித்தோம். கோட்டுக்குள் நாணல் தட்டி நட்டு, கொடி ஏற்றி, உள்ளே படுத்தோம். தட்டி பலகையானது, பலகை செங்கல்லானது. பிளானில் மின்கம்பம் வரைந்தோம், ஆறு வருஷத்தில் கம்பம் வந்தது. வரைந்தால் வரும் என்பது எங்களுக்கு வேதம். 'விவரம் தெரிஞ்ச பொம்பள' என்றதும் எனக்கும் கொஞ்சம் குளிர்ந்துவிட்டது. நாலு வருஷம் அவள் விரலைப் பார்த்தவள் நான், எனக்கா தெரியாது? பத்து நிமிஷத்தில் வரைந்தேன். 'விடுதலைப் பெருஞ்சாலை' என்று பெயரும் எழுதி அனுப்பிவிட்டு, அழகாக வந்திருக்கிறது என்று தலையைச் சாய்த்து ரசித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்தது. புது டிரைவர், இளம் மீசை. என் கடையைத் தாண்டி அவன் வளைத்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. போன் அவனுக்குக் குறுக்கு வழியைக் காட்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வருவதைவிட என் பெருஞ்சாலை கிட்டம் அல்லவா? "நிறுத்து! நிறுத்து!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அறுபது அடி ஏறியதும் பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை மணலில் புதைந்தன. முடுக்க முடுக்க இன்னும் இறங்கியது. வண்டி பக்கவாட்டில் சாயத் தொடங்கியதும் டிரைவர் குதித்து இறங்கினான்.

"பாரத்தக் குறைக்கலன்னா கவுந்துடும்," என்றான்.

பின்னால் போய் வால்வைத் திறந்தான். எங்கள் கண் முன்னால், வாளியும் குடமுமாக நாங்கள் ஓடி வருவதற்குள், அத்தனை தண்ணீரையும் மணல் குடித்தது. ஐந்தே நிமிஷம். ஈரம்கூடக் கொஞ்ச நேரம்தான் நின்றது.

எர்மெலிண்டா மேலிருந்து படியிறங்கி வந்தாள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் ஊன்றி இறங்குவாள். டிரைவரின் போனை வாங்கிப் பார்த்தாள்.

"இத யாரு வரைஞ்சது?"

"நான்தான் கொமாத்ரே. பிளான்ல இருந்துச்சு. தோன் எலியோதோரோ..."

அவள் கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி அழுது தீர்த்திருப்பேன். "கால் வச்சுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலத்துக்குள் அவள் என் சாலையை அழித்துவிட்டாள். ஆனால் அதற்குள் செய்தி எங்கேயோ போய்விட்டது. இந்தப் பொது வரைபடத்தைக் காசு வாங்காமல் காவல் காக்கிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அதில் ஒருவன் டெல்டா88. எந்த ஊர், ஆணா பெண்ணா, தெரியாது. எனக்கு அவன் 'அவன்'தான். மறுநாள் அவன் எழுதியிருந்தான்: 'வணக்கம். உங்கள் கணக்கிலிருந்து இல்லாத சாலை ஒன்று சேர்க்கப்பட்டதைக் கண்டோம். முன்னெச்சரிக்கையாக இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் சேர்த்த அனைத்தையும் நீக்கியுள்ளேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.' அந்த 'அனைத்தும்' என்பதில் பின்பக்கப் பாதையும் போனது. பெட்சபே, மேப்பில் இல்லாத மேட்டுக்கு இனி ஒரு லாரியும் வராது என்று சொல்லிவிட்டாள்.

எர்மெலிண்டா பதில் எழுதினாள். பாதையில் ஆட்களை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினாள். நடந்து அளந்ததை அனுப்பினாள். அவன் பதிலில் ஒரு சுடுசொல் இருக்காது. அந்த மரியாதைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'படங்களுக்கு நன்றி. சரிவான கல் நிலம் தெரிகிறது. லாரி செல்லுமா என்று உறுதி செய்ய இயலவில்லை. எங்களிடம் உள்ள செயற்கைக்கோள் படத்தில் அங்கே எதுவும் இல்லை.' அந்தப் படம் நாங்கள் கடப்பாறை எடுப்பதற்கு முந்தினது! புதுப் படம் எப்போது வரும் என்று கேட்டாள். தெரியாது என்றான்.

என் மனசாட்சி கேட்கவில்லை. அவள் போனை வாங்கி நானே எழுதினேன்: 'ஐயா, அந்தப் பொய்ச் சாலையை வரைந்தவள் எர்மெலிண்டா இல்லை, மளிகைக் கடை சோய்லா. தண்டனை எனக்குக் கொடுங்கள்.' பதில் உடனே வந்தது: 'தகவலுக்கு நன்றி. ஒரு கணக்கைப் பலர் பயன்படுத்துவதும் கவலைக்குரியதே.' சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா?

"நீ ஒண்ணும் எழுதாத கொமாத்ரே," என்று எர்மெலிண்டா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "உன் கைராசி போதும்."

காலிப் பீப்பாய்களை மறுபடி உருட்டிக்கொண்டு கீழே வந்தாள். நாலு நடை மறுபடி தொடங்கியது. நான் கடையைச் சாத்திவிட்டு இரண்டு நடை சுமந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது, அதிலும் தோற்றேன்.

ஒரு புதன்கிழமை, வாளியை இறக்கி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "மேல இருந்து பாக்குறவனுக்கு மேல இருந்து தெரியணும். அவ்வளவுதான?"

"அதுக்கு?"

"சுண்ணாம்பு."

பாதையின் இரண்டு ஓரத்திலும் கெட்டியாக வெள்ளைக் கோடு. படம் எடுக்கிற அன்றைக்கு மூடுபனி இல்லாமல் இருந்தால் குருடனுக்கும் தெரியும். அழிந்தால் வாரா வாரம் போடுவது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பத்து மூட்டை என் பொறுப்பு என்றேன். ஞாயிற்றுக்கிழமை உச்சி முழுக்கத் திரண்டது. எர்மெலிண்டா முன்னால் கயிறு பிடித்துப் போக, நாங்கள் ஓட்டைபோட்ட தகர டப்பாவில் சுண்ணாம்பை ஆட்டி ஆட்டிக் கோடு இழுத்தோம். தோன் எலியோதோரோவும் குற்ற உணர்ச்சியோடு ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு கடைசியில் வந்தார். பாதை முடிகிற இடத்தில் திரும்பிப் பார்த்தால், மேல்பாதி நெடுக எட்டு எட்டு மீட்டருக்கு ஒரு குறுக்குக் கோடும் போட்டு வைத்திருந்தார்.

"இது எதுக்கு?" என்றாள் எர்மெலிண்டா.

"எடுப்பாத் தெரியட்டும்னுதான்," என்றார். அப்புறம் தன் கையையே பார்த்தார். "அதுவாப் போட்டுடுச்சு."

பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானாக ஓடியிருக்கிறது. சிரித்தோம். நானும் சிரித்தேன். கீழே கல்லறைத் தோட்டத்து ரோட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கோடுகள் எப்படித் தெரியும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாங்களே அப்படி ஒரு கோட்டுக்குள் படுத்துத்தான் மனைக்காரர்கள் ஆனோம், எங்களுக்கே தோன்றவில்லை.

வியாழக்கிழமை விடிந்தபோது பாதையின் மேல்பாதியில் பதினொரு நாணல் தட்டிக் குடிசைகள் நின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று. நடுவில் கம்பு நட்டுக் கொடி பறந்தது. மண் அடுப்பில் ஓட்ஸ் கொதித்தது.

எர்மெலிண்டா கிட்டத்தட்ட ஓடினாள். அந்த முழங்காலோடு அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

"இது ரோடு! எந்திரிங்க! இது ரோடு!"

ஒரு குடிசையிலிருந்து கம்பளித் தொப்பி போட்ட ஆள் ஒருவன் கைகூப்பாத குறையாக வந்தான். பெயர் ஃபவுஸ்தினோ என்று பிறகு தெரிந்தது.

"மாமி, கோவப்படாதீங்க. இதுல ஒரு மனை உங்களதா? மொத ராத்திரி படுத்தவங்களுக்குத்தான் மனைன்னு உங்களுக்குத் தெரியாததா?"

"மனை இல்லப்பா! லாரி வர்ற வழி!"

"வழியா?" அவன் உண்மையாகவே திகைத்தான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். "நாங்க கண்டவன் ரோட்டுல உக்கார்ற ஜனம் இல்லிங்க. வர்றதுக்கு முன்னால பாத்துட்டுத்தான் வந்தோம். இந்தப் பொது மேப்பு, உள்ளூர்க்காரங்களே போடுறது, தப்பு இருக்காதுன்னாங்க. நீங்களே பாருங்க. படி இருக்கு, சுவர் இருக்கு, சமையக் கூடம்கூட இருக்கு. இங்க ஒண்ணுமே இல்லியே."

எர்மெலிண்டா பார்த்தாள். அவள் வரைந்த படிக்கட்டு, அவள் வரைந்த கல்சுவர், அவள் வரைந்த சமையல் கூடம். அதற்குப் பின்னால் வெறும் சாம்பல் நிறம். போனைத் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்தில் கிடந்த சுண்ணாம்பு டப்பாவைக் காலால் ஓங்கி ஓர் உதை விட்டாள், அது சரிவில் சத்தம் போட்டுக்கொண்டே போனது. பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

தோன் எலியோதோரோ ஆளைத் திரட்டித் தட்டியைப் பிடுங்கலாம் என்றார். முதல் குடிசைக்குள் ஒருத்தி தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். யார் பிடுங்குவது? நாங்களா? எங்களுக்கு என்ன யோக்கியதை? ஒருத்தரும் அசையவில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம், அவர்கள்மேல் கோபப்பட முடியாததால் இன்னும் கோபம்.

எர்மெலிண்டா எழுந்தாள். தன் போனை எடுத்தாள். முதல் குடிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று விரலால் கட்டம் வரைந்தாள்.

"உனக்குப் பைத்தியமா கொமாத்ரே?" என்று கையைப் பிடித்தேன். "இதையும் நீயே போடுறியா?"

"இருக்குதுல்ல," என்றாள். "கால் வச்சுப் பாத்தேன்ல."

பதினொன்றையும் போட்டாள்.

அப்படியே மூன்று வாரம் போனது. குளிர்காலத்து மூட்டம் ஒரே ஒரு நாள் விலகியிருக்க வேண்டும். டெல்டா88 எழுதினான்: 'மகிழ்ச்சியான செய்தி. உங்கள் பகுதிக்குப் புதிய படம் வந்துவிட்டது. உச்சிக்கு லாரிப் பாதை இல்லை என்பது உறுதியானது. நீங்கள் சேர்த்த பதினொரு கட்டடங்களும் மிகத் துல்லியம். இனி உங்கள் பதிவுகளில் சந்தேகமில்லை. தொடர்ந்து பங்களியுங்கள்.' அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

இன்று செவ்வாய்க்கிழமை. லாரி வந்து போய்விட்டது. என் கடை வாசலில் பீப்பாய் வரிசை முன்னைவிட நீளம், பதினொரு புதுப் பீப்பாய்கள். ஃபவுஸ்தினோவின் மனைவி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, இரண்டு வாளியோடு படிகளை அண்ணாந்து பார்த்தாள். பக்கத்தில் எர்மெலிண்டா வாளி மொண்டுகொண்டிருந்தாள்.

"அக்கா, மேல போக இது ஒண்ணுதானா? லாரி ஏறுற மாதிரி வேற வழி ஒண்ணும் இல்லியா?"

எர்மெலிண்டா என்னைப் பார்த்தாள். நான் தராசைத் துடைத்தேன்.

"இருந்தா மேப்புல இருக்குமே, தங்கச்சி," என்றாள். வாளி இரண்டையும் தூக்கிக்கொண்டு முதல் படியில் இரண்டு காலையும் ஊன்றினாள்.